ஒரு குளிசை குறைவு

நாங்கள் இரண்டு பேர். ஒருத்தர் கல்முனையில் ஒரு பாமசியில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவர். மற்றவர் ஒரு ஆஸ்பத்திரியின் மருந்துக் களஞ்சியத்தில் வரவு செலவு எழுதுகிறவர். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு மர்ம நாவல் எழுதிக்கொண்டிருக்கிறோம். பத்து அத்தியாயம் முடிந்துவிட்டது. பதினொன்றில் மாதக்கணக்காக நிற்கிறோம். கேட்கிறவர்களுக்கு "ஷிப்ட் மாறட்டும், வெள்ளாமை வெட்டு முடியட்டும்" என்று ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறோம். உண்மைக் காரணம் வேற. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை, ஆனா அதற்கு முதல் கொஞ்சம் சுத்தி வரவேணும்.

மருந்துக் கடையில் வேலை செய்கிறவனுக்கு மர்ம நாவல் வாசிப்பது ஒரு சோதனை. எங்களை வளர்த்ததே பாக்கெட் நாவல்கள்தான். ராஜேஷ்குமாரும் பட்டுக்கோட்டை பிரபாகரும் இல்லாத வீடு எங்கட பக்கம் குறைவு. ஆனால் தொழிலுக்கு வந்த பிறகு பழைய மாதிரி வாசிக்க முடியவில்லை. வில்லன் கைக்குட்டையில் குளோரோபோமை ஊற்றி மூக்கில் வைப்பான், அடுத்த வரியில் கதாநாயகி மயங்கி விழுவாள். மெய்யாக அப்படி ஒருத்தரை மயக்க நிமிடக்கணக்கில் பிடித்து வைத்திருக்க வேணும். அவ்வளவு நேரமும் அந்தப் பிள்ளை சும்மா இருக்குமா? கவுண்டரில் நிற்கிற எங்கட ஆளுக்கு இந்த இடம் வந்தாலே சிரிப்பு வந்துவிடும். களஞ்சியக்காரருக்குக் கோபம் வரும். "இந்தப் போத்தல் எந்தக் களஞ்சியத்தில இருந்து வந்த? வவுச்சர் எங்க?" என்பார்.

அந்தச் சிரிப்பிலும் கோபத்திலும்தான் எங்கட நாவல் தொடங்கியது. ஒரு தொழில் தெரிந்தவனுக்கு அந்தத் தொழிலில் என்னென்ன நடக்கும் என்பது தெரியும். அதைவிட நன்றாக, என்ன நடக்கவே நடக்காது என்பது தெரியும். மர்மக் கதைக்கு உதவுவது இந்த இரண்டாவதுதான் என்று எங்களுக்குப் பட்டது.

இதில் எங்களுக்கு முன்னோடி அகதா கிறிஸ்டி. அவரும் எங்கட கட்சி. முதலாம் உலக யுத்தத்தில் இங்கிலாந்தின் டோர்க்கியில் தொண்டர் தாதியாகச் சேர்ந்து, பிறகு அங்கேயே மருந்து கலந்து கொடுக்கும் பகுதிக்கு மாறினார். 1917இல் அதற்கான பரீட்சையும் பாஸ் பண்ணினார். சுற்றிவர அலுமாரி, அலுமாரி நிறைய நச்சு, நடுவில் வேலை குறைந்த மத்தியான நேரம். முதல் நாவல் அங்கே இருந்துதான் பிறந்தது. 'த மிஸ்டீரியஸ் அஃபயர் அட் ஸ்டைல்ஸ்' 1920இல் வெளிவந்தது. அதன் முடிச்சு என்ன என்று இங்கே சொல்லமாட்டோம், வாசிக்காதவர்கள் இருப்பீர்கள். மருந்து கலந்து பழகிய கைக்கு மட்டும் தோன்றக்கூடிய ஒன்று என்பது வரைக்கும் சொல்லலாம். அந்த நாவலுக்கு வந்த விமர்சனங்களில், மருந்தாளர்களின் தொழிற்சஞ்சிகை ஒன்று நச்சைச் சரியாகக் கையாண்டிருக்கிறார் என்று பாராட்டியதை அவர் கடைசி வரைக்கும் பெருமையாக நினைத்திருந்தார். ஏன் என்று எங்களுக்கு நன்றாக விளங்குகிறது. ஊர் முழுக்க 'சூப்பர்' சொன்னாலும், தொழிலில் உள்ள ஒருத்தர் 'சரி' சொல்வது போல வராது.

அவர் தன் சுயசரிதையில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். அவருக்குப் பயிற்சி கொடுத்த மருந்தாளர் ஒருவர், ஊரில் பெரிய பேர் உள்ளவர், ஒரு மருந்து தயாரிக்கும்போது தசமப் புள்ளியை இடம் மாற்றிப் போட்டுவிட்டார். அளவு பல மடங்கு கூடிவிட்டது. கிறிஸ்டி கண்டுகொண்டார். ஆனால் அவர் பயிற்சிக்கு வந்த ஒரு பெண்பிள்ளை, மற்றவர் பெரிய ஆள். வாயால் சொல்ல முடியவில்லை. தடுக்கினது போலக் காட்டி அந்த மருந்துத் தட்டைக் கீழே தட்டிவிட்டு, காலாலும் மிதித்துவிட்டு, மன்னிப்புக் கேட்டார். தெரிந்த உண்மையைச் சொல்ல முடியாத இடத்தில் ஒருத்தர் என்ன செய்வார் என்பதற்கு எங்களுக்கு இதைவிட நல்ல கதை தெரியாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். அவருடைய 'த பேல் ஹோர்ஸ்' 1961இல் வந்தது. அதில் தாலியம் நஞ்சு ஏறினால் உடம்பில் என்ன நடக்கும் என்று எழுதியிருந்தார். 1977இல் கட்டாரில் இருந்து லண்டனுக்கு ஒரு சின்னக் குழந்தையைக் கொண்டுவருகிறார்கள். என்ன நோய் என்று டொக்டர்மாருக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு தாதி அந்த நாவலைத்தான் அந்த நேரம் வாசித்துக்கொண்டிருந்தார். "இது தாலியமாக இருக்குமோ" என்றார். சோதித்தார்கள், அதுதான். பிள்ளை பிழைத்தது. எழுத்தில் விபரம் சரியாக இருப்பது அலங்காரத்துக்கு இல்லை என்று யாராவது எங்களிடம் வாதாட வந்தால் இந்தக் குழந்தையைத்தான் காட்டுவோம்.

தமிழில் என்றால் சுஜாதா. ரங்கராஜன், 1935 முதல் 2008 வரை. சென்னை எம்.ஐ.டி.யில் இலத்திரனியல் படித்து, சிவில் விமானத் துறையில் இருந்து, பிறகு பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை. இந்திய வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பில் பங்கெடுத்தவர். அப்படிப்பட்ட எஞ்சினியர் தன்னுடைய துப்பறிவாளர்களாக யாரை வைத்தார்? கணேஷையும் வசந்தையும். ரெண்டு பேரும் வக்கீல்கள்! அவருடைய தொழில் கதாநாயகர்களின் உத்தியோகத்தில் இல்லை. ஒரு விசயத்தை விளக்குகிற விதத்தில் இருக்கிறது. 'கொலையுதிர் காலம்' வாசித்தவர்களுக்குத் தெரியும்: இது பேயா விஞ்ஞானமா என்ற இழுபறி. கருவியில் பிழை தேடுகிறவன் ஒவ்வொரு சாத்தியமாக அடித்துக்கொண்டே போவது மாதிரி அந்த இழுபறி போகும்.

எங்கட நாட்டிலும் பழைய ஆள் ஒருத்தர் இருக்கிறார். கண்டியின் சித்திலெப்பை மரைக்கார். சட்டத்தரணி, 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையின் ஆசிரியர். 1885இல் அவர் எழுதிய 'அசன்பேயுடைய கதை'யை இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்கிறார்கள். ஸ்கூலில் அந்தப் பேரைப் பாடமாக்கி மார்க்ஸ் எடுத்திருப்போம், புத்தகத்தைத் திறந்திருக்கமாட்டோம். உள்ளே இருப்பது கடத்தப்பட்ட எகிப்துப் பிள்ளை ஒன்றின் சாகசக் கதை. ஒரு வக்கீல் கோர்ட்டை விட்டுவிட்டு இப்படி எழுதியிருக்கிறார்.

ஆக, தொழிலை நேராகக் கதைக்குள் கொண்டுவந்தவர் கிறிஸ்டிதான். நாங்களும் அந்த வழிதான். ஆனா எங்களிடம் நச்சு அலுமாரி இல்லை. இருப்பது சீனி வருத்தக் குளிசையும், பிரசர் குளிசையும், பிள்ளைகளுக்கான பாணி மருந்தும், டொக்டர்மார் எழுதின துண்டும். இதில் என்ன மர்மம்?

மர்மம் கணக்கில் இருக்கிறது. கதையை, முடிவைக் கெடுக்காத அளவில் சொல்கிறோம்.

கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். சீனி வருத்தம். காலை, பகல், இரவு என்று ஒவ்வொரு மெட்போமின் குளிசை. நோன்பு வருகிறது. பகல் குளிசை எப்படிப் போடுவது? டொக்டர் மாற்றி எழுதிக் கொடுக்கிறார்: ஸஹருக்கு ஒன்று, நோன்பு திறந்த பிறகு ரெண்டு. நாளுக்கு மூன்று என்ற கணக்கு மாறவில்லை, நேரம்தான் மாறியது. பதினாலு நாளைக்கு 42 குளிசை. ரமழான் வந்தால் எங்கட கரையோரத்தில் எந்தப் பாமசியிலும் இப்படித்தான், முழு ஊரின் மருந்து நேரமும் ஒரே கிழமைக்குள் புரண்டு போகும்.

வீட்டார் சொல்வது இது: எட்டாம் நோன்பு திறந்து, குளிசை போட்டு, தராவீஹுக்குப் போனவர் வீட்டுக்குத் திரும்பவே இல்லை. அடுத்த நாள் மய்யித்தாகத்தான் கிடைத்தார். கால் வழுக்கி விழுந்திருப்பார் என்று முடிவு. நாற்பது கழித்து மகள் பாமசிக்கு வருகிறாள். "வாப்பாட மிச்சக் குளிசை, ஆராவது ஏழைக்குக் குடுங்க, நன்மை கிடைக்கும்." இதுவும் எங்கட ஊரில் நடக்கிறதுதான். திரும்பி வந்த மருந்தை நாங்கள் யாருக்கும் கொடுக்க முடியாது என்று எத்தனை தரம் விளங்கப்படுத்தியும் கொண்டுவருவார்கள். கதையில் வருகிற மருந்தாளர் மறுக்க மனமில்லாமல் வாங்கி வைக்கிறார். பழக்கதோசத்தில் எண்ணுகிறார். எட்டு நாளைக்கு 24 போயிருக்க வேணும், மிச்சம் 18. கையில் இருப்பது 17.

ஒன்று குறைவு. அந்த ஒன்று ஒன்பதாம் நோன்பின் ஸஹர் குளிசை. அப்படி என்றால் அவர் அன்றிரவு வீட்டுக்கு வந்திருக்கிறார்.

இதை எழுதி முடித்த இரவு எங்களுக்கு நித்திரை வரவில்லை, அவ்வளவு சந்தோசம். அடுத்த நாள் எங்களில் ஒருத்தரின் ராத்தாவிடம் வாசிக்கக் கொடுத்தோம். பாக்கெட் நாவலில் பத்தாம் பக்கத்திலேயே கொலைகாரனைச் சொல்கிற ஆள் அவ.

"டேய் தம்பி, ஒண்டு கீழ உருண்டு போயிருக்கும். இதுக்கு ஒருத்தனத் தூக்கில போடுறதா?"

நாங்கள் பேசவில்லை.

"எங்கட உம்மாக்கு நோன்பு காலத்தில நான் எப்பிடி மருந்து எடுக்கிற? ரெண்டு கவர்ல போடச் சொல்லி. ஸஹருக்கு ஒண்டு, நோன்பு திறக்கிறதுக்கு ஒண்டு. இல்லாட்டி உம்மா நித்திரத் தூக்கத்தில ரெண்டையும் போட்டுருவா. நீங்க பாமசிக்காரங்கதானே, உங்களுக்குத் தெரியாதா?"

கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிற எங்களுக்கு ரெண்டு கவர் போடத் தெரியும். அது ஒரு துப்பு என்று கண்டது கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆள். இப்போது கதையில் ரெண்டு கவர். ஸஹர்க் கவரில் 14 போட்டது, 6 இருக்கவேணும், இருந்தது 5. மற்றக் கவரில் 28 போட்டது, 12 இருக்கவேணும், 12ம் அப்படியே இருக்கிறது. உருண்டு போனது என்ற கதையை இனிச் சொல்வது கொஞ்சம் கஷ்டம்.

மய்யித்து எங்கே கிடைத்தது என்பதிலும் ஒரு தீர்மானம் எடுக்க வேண்டியிருந்தது. மர்மக் கதை வழக்கப்படி கடற்கரையில் ஒதுங்கினால் நல்ல காட்சி. ஆனால் 2004 டிசம்பர் 26இல் நாட்டிலேயே கூடுதலான உயிர்களை இழந்தது எங்கட மாவட்டம். மருதமுனையில் இருந்து கீழே போகும் கரையில் இந்தக் காட்சியை வாசிக்கிற எவருக்கும் துப்பறிகிற எண்ணம் வராது, தன்னுடைய ஆள்தான் ஞாபகம் வரும். ஆகவே கடலை விட்டுவிட்டு, மேற்கே வயல் வாய்க்காலுக்குக் கொண்டுபோனோம்.

மனிதர்களை எடுப்பதிலும் அப்படித்தான். கவுண்டருக்கு வருகிறவர்கள் எங்களிடம் ஒப்படைப்பது காசும் துண்டும் மட்டுமா? மஃரிபுக்குக் கடை காலியாகும் நேரம் பார்த்து வந்து, "பேப்பர்ல சுத்தித் தாங்க மனெ" என்று மெல்லச் சொல்கிற உம்மாமார் இருக்கிறார்கள். என்ன மருந்து, யாருக்கு, எவ்வளவு காலமாக என்று எங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. ஒரு நல்ல நாவலாசிரியர் இதை எல்லாம் எழுதுவார் என்று யாராவது சொல்லக்கூடும். நாங்கள் எழுதமாட்டோம். பெயரை மாற்றினாலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் ஆளைக் கண்டுபிடிக்க ஒரு அஸர் நேரம் போதும். அடுத்த நாள் அந்த உம்மா மருந்து வாங்க வரமாட்டா, அதுதான் பெரிய ஆபத்து. அதனால் வேலை முறையை மட்டும் எடுத்தோம்: எண்ணுவது, கவர் எழுதுவது, காலாவதித் திகதி பார்ப்பது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போன நேரத்தில் இன்சுலினை ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டியில் காப்பாற்றின கதையும் ஒரு அத்தியாயத்தில் வருகிறது. அது யாருடைய ரகசியமும் இல்லை, எல்லாருடைய அனுபவமும்தான்.

இனிப் பதினோராம் அத்தியாயம்.

மருந்தாளருக்கு உண்மை தெரிந்துவிட்டது. அவர் பொலிசுக்குப் போகவேணும். சாதாரண மர்மக் கதையில் இது அரைப் பக்க வேலை. எங்கட மாவட்டத்தில் அப்படி இல்லை, ஏனென்றால் இங்கே ஏற்கனவே ஒரு குளிசைக் கதை எழுதப்பட்டிருக்கிறது.

2018 பெப்ரவரி 26 இரவு. அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடை. கறிக்குள் ஏதோ கட்டியாகக் கிடக்கிறது என்று சாப்பிட வந்தவர்கள் சத்தம் போடுகிறார்கள். அது 'வந்த பெத்தி' என்கிறார்கள், மலடாக்கும் குளிசை. சிங்களம் சரியாகத் தெரியாத கடைக்காரரைச் சூழ்ந்து நின்று கேட்கிறார்கள். பயத்தில் அவர் ஆமா என்பது போலச் சொன்னதை வீடியோ எடுத்து பேஸ்புக்கில் போடுகிறார்கள். அன்றிரவு கடையை அடித்தார்கள், பள்ளிவாசலை அடித்தார்கள், வாகனங்களும் தப்பவில்லை. அடுத்த கிழமையே கண்டி, திகன பக்கம் கலவரமாகி, மார்ச் 6இல் நாட்டில் அவசரகாலச் சட்டம் போட்டார்கள். பிறகு அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை வந்தது. கறிக்குள் கிடந்தது மாவுக் கட்டி.

சாப்பாட்டில் போட்டு ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் குளிசை என்று ஒன்று உலகத்தில் இல்லை. மருந்துக் கடையில் ஒரு மாதம் நின்ற பொடியனுக்கும் அது தெரியும். நடக்கவே முடியாத ஒன்றை வைத்துத்தான் அந்தத் திரில்லர் எழுதப்பட்டது, கைக்குட்டைக் குளோரோபோம் மாதிரி. ஆனா இதை வாசித்தவர்கள் புத்தகத்தை மூடிவிட்டுப் படுக்கப் போகவில்லை. ஒரு வருசம் கழித்து, 2019 மே மாதம், ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகு, அதே கதை குருணாகலுக்குப் போனது. டொக்டர் ஷாபி ஆயிரக்கணக்கான சிங்களப் பெண்களுக்குத் தெரியாமல் கருத்தடை செய்தார் என்று ஒரு பத்திரிகையின் முதல் பக்கம். கைது செய்தார்கள். ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்தில் சொன்னது.

இந்த இரண்டு கதைக்கும் பிறகு, ஒரு முஸ்லிம் மருந்தாளர் கையில் ரெண்டு குளிசைக் கவருடன், சிங்களத்தில் வேலை நடக்கும் ஒரு பொலிஸ் நிலையத்துக்குள் போகிறார். ஒரு மரணத்தில் பொய் இருக்கிறது, அதைக் குளிசை காட்டுகிறது என்று சொல்ல. அவருடைய கணக்குச் சரி. ஸஹர் என்றால் என்ன, ஏன் ஒன்று, ஏன் ரெண்டு என்று அவர் முதலில் இருந்து விளக்கவேணும். விளக்கி முடிக்கும் வரைக்கும் எதிரில் இருப்பவர் கேட்டுக்கொண்டிருப்பாரா, இல்லாட்டி 'குளிசை' என்ற சொல்லிலேயே நின்றுவிடுவாரா?

எங்களுக்குள் இதில்தான் சண்டை. களஞ்சியக்காரர் சொல்கிறார், மருந்தாளர் போகக்கூடாது, பேர் இல்லாத கடிதம் போடட்டும். கிறிஸ்டி தட்டைத் தட்டிவிட்டது மாதிரி ஏதாவது ஒரு வழி. கவுண்டர்க்காரருக்கு அது பிடிக்கவில்லை. தட்டைத் தட்டிவிட்டால் பிழையான மருந்து அழிந்துபோகும், வேலை முடிந்தது. இங்கே சரியான கணக்கை அல்லவா ஒருத்தரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டி இருக்கிறது, யாருடைய கை எண்ணியது என்று தெரியாத கணக்கை யார் நம்புவார் என்கிறார். நல்ல பொலிஸ்காரர் ஒருவரை வைத்துவிடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. நல்ல பொலிஸ்காரர் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த அத்தியாயத்தின் பயத்தை அவர் தலையில் கட்டி அனுப்பிவிட்டால் வாசிக்கிறவர் எங்களை மன்னிக்கமாட்டார் என்று பட்டது.

ராத்தாவிடம் கேட்டோம். "மகளையும் கூட்டிட்டுப் போகட்டும். வாப்பாட குளிசதானே, அவ கையில இரிக்கட்டும்" என்றா.

அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம். மகள் முன்னுக்கு, மருந்தாளர் அவளுக்கு ஒரு அடி பின்னுக்கு, மேசைக்கு அந்தப் பக்கம் ஓஐசி. மருந்தாளர் முதலில் சொல்லவேண்டிய அந்தச் சிங்கள வசனத்தை மட்டும் இதுவரை நாலு தரம் மாற்றிவிட்டோம். 'பெத்தி' என்ற சொல்லைப் போடாமல் அதைச் சொல்ல ஏலா.